ஆறு, பன்னிரண்டு

லட்சம் கோடியில் பன்னிரண்டு பங்கு.
அதுதான் இனி வரம்பு.
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு
அரசிதழில் ஏறியது.

திங்கள் இரவு வரை எழுபது.
இடையில் மழை பெய்யவில்லை.
வின்டர்ப்ரூக்கின் நான்கு கிணறுகளில்
யாரும் எதையும் புதிதாகக் கலந்துவிடவில்லை.
படுக்கப் போகும்போது நல்ல தண்ணீர்,
எழுந்தபோது சட்ட மீறல்.

அந்த எண்ணை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
மாநில சுகாதாரத் துறை, மூன்றாம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
எலியின் ஈரலிலிருந்து தொடங்குவோம்.
எலியிலிருந்து மனிதருக்கு வர, பத்தால் வகுப்போம்.
திடமான மனிதரிலிருந்து நோஞ்சானுக்கு வர
இன்னொரு பத்து.
தெரியாதவற்றுக்காக ஒரு மூன்று.
(நமக்குத் தெரியாதது மூன்று மடங்குதான் என்று
யார் அளந்தது எனக் கேட்காதீர்கள்.)
பிறகு புட்டிப்பால் குடிக்கும் குழந்தை,
அதன் எடை, அதன் தாகம்.

கணக்கு ஆறில் வந்து நின்றது.
ஆறு என்று எழுதினேன்.
எழுதியதும் எனக்கே அது ஓடுவதுபோல் இருந்தது.

ஆறு என்றால் இருபத்தொன்பது ஊர்களுக்கு வடிகட்டி வேண்டும்.
பன்னிரண்டு என்றால் பதினொரு ஊர்களோடு போயிற்று.
நிதிப் பிரிவிலிருந்து வந்தவர் மிகவும் நல்ல மனிதர்,
குரலே உயர்த்தவில்லை.
மேசையில் பிஸ்கட் இருந்தது.
தெரியாதவற்றுக்கான மூன்றை
ஒன்றரை ஆக்கினோம்.

அந்த ஊரில் முன்பு ஒரு ஆலை.
மழைக்கோட்டுத் துணிக்குப் பூச்சு பூசுவார்கள்.
தண்ணீர் ஒட்டக் கூடாதென்று செய்த பொருள்,
தண்ணீரை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.
ஆலைதான் போய்விட்டது,
பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு.

பள்ளி விளையாட்டுக்கூடத்தில் விசாரணைக் கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எங்கள் மேசை.
லுசீல் டெரோஷே எழுந்தார்,
பூச்சுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம்.
கையில் காகிதம் இல்லை, கண்ணீர் இல்லை.
"எழுபது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது
என் மகன் எர்வே குடித்தானே,
அது எந்தத் தண்ணீர்?"

"அன்று கிடைத்த தகவல்களின் அடிப்படையில்"
என்று தொடங்கினேன்.
ஒலிபெருக்கி கீச்சிட்டது.
யாரோ அதைச் சரிசெய்யும்வரை
நான் பேசவேண்டியிருக்கவில்லை.
அதற்கு நன்றியோடு இருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு காபி வைத்திருந்தார்கள்.
பள்ளிக் குழாயில் பிடித்த தண்ணீர்,
வேறு எதில் போடுவார்கள்?
கோப்பையைக் கையில் எடுத்தேன்.
முதல் வரிசை முழுக்க அதைப் பார்த்தது.
வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா
என்று யோசித்துக்கொண்டிருந்ததில்
அது ஆறிப்போனது.

நவம்பரில் கான்ராட் பெல்க்கி தொலைபேசியில் அழைத்தார்,
பம்ப் ஹவுஸிலிருந்து.
மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார்.
"மூன்றாம் கிணறு, நான்கு காலாண்டுச் சராசரி,
பதினொன்று புள்ளி எட்டு."
"வரம்புக்குள்தான்" என்றேன்.
"நோட்டீஸ் ஒட்டணுமா?"
"சட்டப்படி தேவையில்லை."
"கிணற்றை மூடலாமா?"
"மூடுவதற்குச் சட்டத்தில் காரணம் இல்லை."
கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும் பேசியது.
"முதலில் ஆறு என்றுதானே எழுதினீங்களாம்?"

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.
வைத்துவிட்டார்.

டிசம்பர் அறிக்கையில் ஒரு வரி:
மூன்றாம் கிணறு இயங்கவில்லை, மோட்டார் பழுது.
ஜனவரி: மோட்டார் பழுது.
பிப்ரவரியிலும், பனி உருகிய பிறகும்,
அதே மை, அதே சாய்ந்த எழுத்து.

அந்த மோட்டார் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறது.
கொள்முதல் தாளில் ஒப்புதல் கையெழுத்து என்னுடையது.
உதிரி பாகம் கேட்டு இதுவரை எந்தக் கடிதமும் வரவில்லை.

ஒவ்வொரு மாதமும்
'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்துக்கு எதிரே
என் பெயரின் முதலெழுத்தைப் போடுகிறேன்.